வெடக்கோழிக்கு ஆளுக்கொரு ரூம்

அங்க வேண்டாங்க தம்பி. வாசலைப் பாத்து மாட்டறதுக்கா உங்களை வரச் சொன்னேன்? வாசல்ல யாரு வரப் போறா. ஏணியை எடுத்துக்கிட்டுப் பின்னால வாங்க. பாத்து, அந்தக் குழாயை மிதிச்சுராதீங்க. இதா, இந்தக் கூட்டுக்குள்ளதான் கேமரா மாட்டணும். ஆமாங்க, கோழிக்கூட்டுக்குள்ளதான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? நகைக்கடைக்கு மாட்டுவீங்க, ஏடிஎம்முக்கு மாட்டுவீங்க, கோழிக்கு மாட்ட மாட்டீங்களா?

சிரிக்காதீங்க. என்ற நெலமைல நீங்க இருந்தா உங்களுக்குச் சிரிப்பு வராது.

ரெண்டு கேமரா கொண்டு வந்திருக்கீங்கள்ல? ஒண்ணு இங்க. இன்னொண்ணு எங்கன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல இதை முடிங்க. டீ போட்டு வெச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள குடிச்சுட்டு ஏறுங்க. குடிங்க, குடிங்க, சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன், உங்க வயசுக்கு இப்பவே கொறைச்சுக்கறது நல்லது.

இந்தப் பெட்டிகளைப் பாத்தீங்களா. பாத்து உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, இதுல என்ன கொறை? ஆசாரியைக் கூட்டிட்டு வந்து, பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்து, செய்ய வெச்சது. நல்ல ப்ளைவுட்டு. உள்பக்கம் பூரா வெள்ளை மைக்கா, அழுக்குப் பட்டா உடனே தெரியணும்னு. முன்னால மறைப்பே கெடையாது, கம்பி வலைதான். காத்து வரணும், வெளிச்சம் வரணும், உள்ள இருக்கறது வெளிய தெரியணும். ஒவ்வொண்ணுலயும் சின்னதா ஒரு எல்இடி பல்பு வேற. மேல பாருங்க, மூடி. தொறந்து பாக்கறதுக்கு. தெனமும் காலைல ஃபினாயில் போட்டுத் தொடைச்சு, புதுசாப் பேப்பர் விரிக்கறேன். ஹாஸ்டல்ல இருந்த பொண்ணுங்களுக்குக் கூட இப்படி ரூம் நான் குடுத்ததில்லை.

ஆமாங்க, ஹாஸ்டல் வார்டனா இருந்தவ நானு. லேடீஸ் காலேஜ் ஹாஸ்டல். பேரு இந்திராணி. இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் வார்டனம்மான்னுதான் சொல்லுவாங்க. ரிட்டயர்டு ஆகற வரைக்கும் என்ற கையில ஒரு பொண்ணு தப்பினது கெடையாது. காலைல மணி அடிச்சா எந்திரிக்கணும், ராத்திரி பேர் வாசிச்சா ஆஜர் சொல்லணும். என்ற மக சிந்துஜாவும் அந்தக் குவார்ட்டர்ஸ்லயே வளர்ந்தவதான். பேர் வாசிக்கறப்ப அவ பேரையும் வாசிப்பேன். சொந்தப் பொண்ணுன்னு பாகுபாடு காட்டக் கூடாதுல்ல. ஆஜர் மேடம்னு சொல்லுவா, அத்தனூண்டு இருந்துக்கிட்டு. எல்லாரும் சிரிப்பாங்க. அவ சிரிக்க மாட்டா, அவ்வளவு ஒழுக்கம்.

அவளுக்காகத்தாங்க இந்தக் கோழி எல்லாம். இல்லைன்னா எனக்கு எதுக்கு இந்த வேலை.

அவ உண்டாயிருக்கான்னு தெரிஞ்ச வாரமே நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிட்டு வந்தேன். சந்தையில போயி ஒவ்வொண்ணாக் கையில தூக்கிப் பாத்து வாங்கினது. எப்ப முட்டை வெக்கும்னு கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். எங்க பக்கத்துல ஏழாம் மாசம் கட்டுச்சோறுன்னு ஒரு சீர் இருக்கு. உங்க ஊரு எது? மதுரைப் பக்கமா. அப்ப வளைகாப்பு மாதிரின்னு வெச்சுக்கங்க. பொண்ணு வீட்டுலிருந்து வகைவகையாச் சோறு கட்டிக்கிட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் போவோம். அங்க எல்லாருக்கும் போட்டுட்டுப் பொண்ணைக் கையோட கூட்டிக்கிட்டு வந்துருவோம். தலைப்பிரசவம் பெத்தவ வீட்டுலதான். அவளைக் கூட்டிட்டு வர்ற நேரத்துக்குக் கோழியும் முட்டைக்கு வரணும். தெனம் ஒரு நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் உள்ள போனா இடுப்பு கெட்டியாகும், பெத்தெடுக்கத் தெம்பு வரும். கடையில விக்கற முட்டைய நான் நம்பறதில்லை. என்ற கூட்டுல, என்ற கண்ணு முன்னால வெச்ச முட்டையாத்தான் அவளுக்குக் குடுக்கணும்னு மனசுல ஒரு வைராக்கியம்.

குஞ்சுக எல்லாம் நல்லாத்தான் வளர்ந்துச்சு. கொண்டை செவந்து, முதுகுல கை வெச்சா அப்படியே பதுங்கி உக்காரும். முதல் முட்டைக்குத் தயாராயிட்டா அப்படித்தான் உக்காரும். வெடக்கோழிம்பாங்க அந்தப் பருவத்துல. அன்னிக்கே நான் ஒவ்வொருத்திக்கும் கால்ல கலர் வளையம் மாட்டி, அதே கலர்ல பெட்டிக்கும் பெயிண்ட் அடிச்சுட்டேன். செவப்பு வளையத்துக்குச் செவப்புப் பெட்டி, பச்சைக்குப் பச்சை. ஆளுக்கொரு ரூம். ஒருத்தி ரூம்ல இன்னொருத்தி நுழையற வேலையே இருக்கக் கூடாது. அதுலதான் சண்டையே ஆரம்பிக்கும், எனக்குத் தெரியாதா.

ஒருத்தியாவது உள்ள போகணுமே.

தூக்கிக் கொண்டு போயி உள்ள வெப்பேன். நிப்பா. உக்காரவே மாட்டா. நின்னுக்கிட்டு என்ற மூஞ்சியையே பாப்பா. சரி, கூச்சமா இருக்குமாட்ட இருக்குன்னு மூடியைப் போட்டுட்டுத் தள்ளி நிப்பேன். சித்த நேரம் கழிச்சுத் தொறந்து பாப்பேன், நின்னுக்கிட்டே இருப்பா. மறுபடியும் மூடி, மறுபடியும் தொறந்து பாத்தா, அப்பவும் நின்னுக்கிட்டே இருப்பா. காலைல ஒவ்வொருத்தியவும் புடிச்சு, பின்னால விரல் வெச்சுத் தடவிப் பாத்தா உள்ள முட்டை தட்டுப்படும். பெரியவங்க அந்தக் காலத்துல அப்படித்தானே பாப்பாங்க. முட்டை இருக்குன்னு கைக்கே தெரியுது, பெட்டிக்குள்ள வெச்சு அடைச்சாச்சு, பகல் பூரா அடக்கிக்கிட்டு நிக்கறா. தொறந்து விட்ட அடுத்த நிமிஷம் அந்தச் செவுத்து மேல ஏறி அக்கட்டால குதிச்சர்றா. கொஞ்ச நேரத்துல அங்கிருந்து கொக்கரிக்கற சத்தம் கேக்கும். முட்டை வெச்சுட்டேன், முட்டை வெச்சுட்டேன்னு ஊருக்கே சொல்றா. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வரும்.

பக்கத்து வீடு மரகதத்தோடது. தையக்காரி. வீடாங்க அது, குப்பைக் கெடங்கு. எந்தப் பக்கம் பாத்தாலும் வெட்டுன துணி, நூல்கண்டு, தைக்கக் குடுத்துட்டு வாங்காமப் போன ஜாக்கெட்டு. பின்னால கொல்லையில ஒரு ஓட்டை வாஷிங் மெஷின் கெடக்கு. முன்னால வட்டமாக் கதவு இருக்கும் பாருங்க, அந்த மாதிரி. கதவு எப்பவோ கழண்டு போச்சு. அதுக்குள்ள துணித் துண்டுகளைத் திணிச்சு வெச்சிருக்கா, தலகாணிக்கு ஆகும்னு. நாலு வருசமாத் தலகாணி தைக்கறா. இருட்டு, புழுதி, சிலந்தி. அதுக்குள்ள போயித்தான் என்ற கோழிங்க முட்டை வெக்குது. அதுவும் ஆளுக்கொரு எடம்னு இல்லை. எல்லாத்துக்கும் அந்த ஒரே ஓட்டை. உள்ள ஒருத்தி உக்காந்திருப்பா, வெளிய ரெண்டு பேரு வரிசையில நிப்பாளுக. ரேசன் கடை மாதிரி. ஆறு பெட்டி காலியாக் கெடக்கு இங்க.

மரகதத்தைக் கேட்டேன். என்னடி போடறே அதுகளுக்கு, எதைக் காட்டி இழுக்கறேன்னு கேட்டேன். அவ பல்லைக் காட்டுறா. "நான் எதுக்குங்க்கா போடறேன், எனக்கு அங்க போகவே நேரமில்லை. போயி ஒரு மாசமிருக்கும். முட்டை இருக்குன்னே நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்"ங்கறா. நம்பற மாதிரியா இருக்கு? ஒண்ணும் பண்ணாம ஒரு கோழி எதுக்கு அங்க போகும்? ஏதோ பண்றா. கம்போ, கேப்பையோ, என்னமோ தூவறா. இல்லைன்னா அந்தத் தையல் மெஷின் சத்தத்துல ஏதோ இருக்கு. அதைக் கண்டுபுடிக்கணும். அதுக்குத்தான் கேமரா. இங்கிருந்து கிளம்பறப்ப எந்த நேரத்துல கிளம்புதுக, எவ முதல்ல தூண்டி விடறா, எல்லாம் தெரிஞ்சாகணும். முடிஞ்சா அந்தச் செவுரும் சேந்து தெரியற மாதிரி வெச்சுக் குடுங்க.

என்னென்னமோ பண்ணிப் பாத்தாச்சு தம்பி. பெட்டியில ஒரு முட்டைய எடுக்காம விட்டு வெச்சா அதைப் பாத்து மத்ததும் வெக்கும்னு சொன்னாங்க. கடையில வாங்கி ஆளுக்கொண்ணா வெச்சேன். ரெண்டு நாள் வெயிலடிச்சுச்சு. கெட்டுப் போயிருமேன்னு எடுத்து ஃப்ரிட்ஜில வெச்சுட்டேன். மறுநாள் காலைல மறுபடியும் வெச்சேன். பொழுதோட எடுத்தர்றது, காலைல வெக்கறது. அப்படியும் வரலை. காலைல மணி அடிச்சுத் தீனி போட்டேன், நேரம் பழகட்டும்னு. மணி அடிச்சா இப்ப மரகதம் ஊட்டுக்கு ஓடுதுக.

அந்தச் சமயத்துலதான் கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போயி சிந்துஜாவைக் கூட்டிட்டு வந்தேன். திருப்பூர்ல இருக்கா. மாப்பிள்ளை பனியன் கம்பெனி ஆபீசுல வேலை. தங்கமான மனுசன், பேச்சுத்தான் வராது. வண்டியில ஏத்தறப்ப அவ புருசன் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லை. பொறந்த வீட்டுக்கு வர்ற பொண்ணு அழலாமான்னு நான்தான் கையை எடுத்து விட்டேன்.

அவளுக்கும் ரூம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். வீட்டுலயே நல்ல ரூம், நடுவுல இருக்கறது. எந்தப் பக்கம் போனாலும் வந்தாலும் ஒரு எட்டுப் பாத்துக்கலாம். வெள்ளைப் பெயிண்ட் அடிச்சு, புது ட்யூப் லைட் போட்டு, தெனமும் ஃபினாயில் போட்டுத் தொடைச்சேன். கர்ப்பிணிக்குக் கிருமி ஆகாது. தாழ்ப்பாளை மட்டும் நானே ஸ்க்ரூ டிரைவர் வெச்சுக் கழட்டிட்டேன்.

அதைப் பெருசா ஒரு பிரச்சினை பண்ணிட்டா அவ.

நான் எதுக்குக் கழட்டினேன்னு சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு, காய்ச்சல்னு ரூம்ல படுத்தவ, உள்ள தாழ் போட்டுக்கிட்டு மயங்கிட்டா. தட்டுறேன், கத்துறேன், பதிலே இல்லை. வாட்ச்மேன் வந்து கடப்பாரை வெச்சுப் பேக்கற வரைக்கும் நான் அந்தக் கதவு முன்னால நின்னேன். அந்தப் பொண்ணு பொழைச்சுக்குச்சு. இப்ப பெங்களூர்ல இருக்கு, ரெண்டு கொழந்தைங்க. ஆனா அந்த மூடுன கதவு எனக்குப் போகவே இல்லைங்க. அதுக்கப்புறம் ஹாஸ்டல் பூரா தாழ்ப்பாளைக் கழட்டச் சொல்லிட்டேன். என்ற பொண்ணு நெறவயித்தோட உள்ள படுத்திருக்கறப்ப ஒரு தாழ்ப்பாளை நம்பி நான் வெளிய இருக்க முடியுமா? எனக்குப் பயமா இருக்குங்க. அவ்வளவுதான். பயமா இருக்குன்னு சொன்னா அவளுக்குப் புரிய மாட்டேங்குது.

"அம்மா, கதவைத் தட்டிட்டு வாயேன்"னா. தட்டிட்டுத்தானேம்மா வரேன்னு சொன்னேன். "நீ தட்டறதும் தொறக்கறதும் ஒண்ணா இருக்கும்மா"ன்னா. பெத்த தாய் வர்றதுக்கு இது என்ன கலெக்டர் ஆபீசா? தூங்கறாளான்னு பாப்பேன், தண்ணி குடிச்சாளான்னு பாப்பேன், ஒருக்களிச்சுப் படுத்திருக்காளான்னு பாப்பேன். மல்லாக்கப் படுக்கக் கூடாதுல்ல. வயித்துல கை வெச்சுக் கொழந்தை அசையுதான்னு பாப்பேன். இதெல்லாம் செய்யாம இருந்தாத்தானே தப்பு? கல்யாணமான முதல் மாசத்திலிருந்தே தள்ளிப் போச்சா, தள்ளிப் போச்சான்னு மாசாமாசம் கேட்டவ நானு. தாய் கேக்காம வேற யாரு கேப்பா. அந்த அக்கறைய யாரும் நெனைச்சுப் பாக்கறதில்லை.

சாப்பாட்டைப் போட்டா ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சர்றா. முட்டைய உரிச்சுக் குடுத்தா கொமட்டுதுங்கறா. மத்தியானம் சமையக்கட்டு வேலைய முடிச்சுட்டு வந்து பாத்தா ஆளைக் காணோம். எனக்கு உசுரே போயிருச்சு. பாத்ரூம்ல இல்லை, மாடியில இல்லை. கடைசியில எங்க இருந்தா தெரியுங்களா? மரகதம் வீட்டுல. அந்தத் துணி மூட்டைங்களுக்கு நடுவுல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு, கையில ஒரு அவிச்ச முட்டை. மொளகுத்தூளைத் தொட்டுத் தொட்டுத் தின்னுட்டிருக்கா. தட்டுல இன்னும் ரெண்டு. கொமட்டலைங்க. மரகதம் அவளைத் திரும்பிக்கூடப் பாக்காம மெஷினை மிதிச்சுக்கிட்டு இருக்கா. இவ தின்னுட்டு அப்படியே சரிஞ்சு தூங்கிட்டா. வாயைத் தொறந்துக்கிட்டு, சின்ன வயசுல தூங்கற மாதிரி. மல்லாக்க வேற.

எந்த முட்டைன்னு கேட்டேன். "உங்க கோழிதானுங்க்கா, வாஷிங் மெஷினுக்குள்ள எடுத்தது"ங்கறா மரகதம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்ற கோழி, என்ற பொண்ணு, ரெண்டையும் அவ வளைச்சுப் போட்டுட்டா. நான் சொல்லிட்டேன், இனிமே அந்த முட்டைய எங்க வீட்டுப் பக்கம் கொண்டு வராதேன்னு. அப்புறமும் ஒரு தட்டத்துல போட்டுச் செவுத்து மேல வெச்சுட்டுப் போவா. நான் தொட மாட்டேன். நான் கட்டுன பெட்டியில வெக்கட்டும், அப்ப எடுக்கறேன்.

தெனம் மத்தியானம் அங்க போறதே வேலையாப் போச்சு அவளுக்கு. நான் தடுக்கலைங்க. கூடவே போயி உக்காந்துக்குவேன், அவ்வளவுதான். குப்பையில ஊசி கீசி குத்திருமோன்னு ஒரு பாதுகாப்புக்கு. நான் போக ஆரம்பிச்சப்புறம் அவளும் போறதை நிறுத்திட்டா. பரவால்லை, புத்தி வந்துருச்சுன்னு நெனைச்சேன். அடுத்த ரெண்டாவது நாள் மாப்பிள்ளை கார் எடுத்துக்கிட்டு வந்து நிக்கறாரு. "செக்கப்புக்கு அங்கயே காட்டிட்டு வர்றோங்க அத்தே"ன்னாரு. அவரு பேசி நான் கேட்ட நீளமான பேச்சே அதுதான். சிந்துஜா பையைத் தூக்கிக்கிட்டுக் கார்ல ஏறிட்டா. திரும்பி எப்ப வர்றேன்னு கேட்டேன். "பாக்கலாம்மா"ன்னா.

பாக்கலாம்னா வர்றேன்னுதானே அர்த்தம். டாக்டரு சொன்ன தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. வந்துருவா. தலைப்பிரசவத்தை யாராவது வாடகை வீட்டுல வெச்சுப் பாப்பாங்களா? சம்பந்தி அம்மாவுக்கு முட்டி வலி, அவங்களாலயும் முடியாது. ஊருல நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கூட்டிட்டு வந்த பொண்ணு தங்கலைன்னா தாய்கிட்டத்தான் என்னமோ கொறைன்னு பேசுவாங்க. எனக்கு அது கூடப் பெருசில்லைங்க. என்ற பேரப்புள்ளை இந்த வீட்டுல கண்ணு முழிக்கணும். நான் கையில வாங்கணும். அதுக்காகத்தான் இத்தனை மாசமா ஓடிட்டிருக்கேன்.

சிந்துஜா அப்பாவைக் கேக்கறீங்களா? இருக்காரு, இருக்காரு. தோட்டத்துல. மோட்டார் ரூம்ல கட்டிலைப் போட்டுப் படுத்துக்குவாரு. ரிட்டயர்டாகி நான் வீட்டோட வந்த வருசத்திலிருந்து அங்கதான். கேட்டா மாட்டுக்குக் காவல்னு சொல்றாரு. மாட்டை வித்து ரொம்ப நாளாச்சுங்க. அவருக்கு அந்த மோட்டார் சத்தத்துலதான் தூக்கம் வருதாம். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பழக்கம்.

மாட்டியாச்சா? காட்டுங்க. அட, எவ்வளவு தெளிவாத் தெரியுது. பச்சை வளையம் கூடத் தெரியுதே. இதை நான் எங்க இருந்தாலும் ஃபோன்ல பாக்கலாமா? பஸ்ஸுல போறப்பக் கூடவா? நல்லதாப் போச்சு. இனிமே மூடியைத் தொறந்து தொறந்து பாக்க வேண்டியதில்லை.

இப்ப ரெண்டாவது கேமராவுக்கு வாங்க. செருப்பை இங்கயே விட்டுட்டு வாங்க. இதான் சிந்துஜா ரூம். கட்டிலுக்கு எதுக்க, அந்த மூலையில மாட்டணும். ஏன் தம்பி முழிக்கறீங்க? அவளுக்கு என்ன தொந்தரவு? நான் உள்ள வந்து வந்து பாக்கறதுதானே. சரி, அவ சொல்றதுலயும் நியாயம் இருக்குன்னு நான் யோசனை பண்ணினேன். பெத்தவ கொஞ்சம் விட்டுக் குடுத்துத்தான் போகணும். இனி நான் இந்த ரூம் வாசப்படிய மிதிக்கப் போறதில்லை. சமையக்கட்டுல இருந்தபடியே பாத்துக்குவேன். அவ பாட்டுக்கு நிம்மதியாக் கெடக்கட்டும். வந்து பாத்தான்னா சந்தோசப்படுவா. அம்மா நமக்காக மாறிட்டாளேன்னு நெனைப்பா.

இருங்க, ஃபோன் அடிக்குது. மாப்பிள்ளைதான். நெனைச்சேன், கூப்பிட்டுட்டாரு பாருங்க. ஏணிய அங்கயே வெச்சுட்டு இருங்க.

சொல்லுங்க மாப்ளே. நல்லா இருக்கேன். எப்ப வர்றீங்க? ... என்ன? ... சத்தமாச் சொல்லுங்க. ... எப்ப? ... நேத்தா? நேத்து எப்ப? ... ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா? ... பொண்ணா. ... சரி. சரிங்க. ... அவகிட்டக் குடுங்க. முழிச்சிருந்தாக் குடுங்க.

கண்ணு. சிந்துஜா. வலி இருக்கா சாமி? ... ஏன் கண்ணு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? ... இல்லை, நான் கோவிச்சுக்கலை. ... நான் எதுக்கு டாக்டரம்மாகிட்டச் சண்டைக்குப் போறேன். ... சரி. ... நான் இப்பவே கிளம்பி வர்றேன், அடுத்த பஸ்ஸுக்கு... ... ஓ. ... சரி. ... சரிம்மா. நீ சொல்றப்ப வர்றேன். ... பாப்பா அழுவுதா? அது பாப்பா சத்தமா? ... சரி, வெச்சர்றேன். நீ பாரு. வெச்சர்றேன்.

பொண்ணுங்க தம்பி. பொண்ணு பொறந்திருக்கு.

நேத்துக் காலைலயாம். தேதிக்கு முன்னாலயே வந்துருச்சு. என்ன சொல்றா தெரியுங்களா? கூப்பிட்டிருந்தா நீ வந்து ஆஸ்பத்திரியவே ஹாஸ்டல் ஆக்கிருப்பேம்மாங்கறா. எனக்கு அமைதியா இருக்கணும்னு தோணுச்சுங்கறா. கோவமாச் சொல்லலைங்க. சிரிச்சுக்கிட்டே சொல்றா. அவ கொரல் இப்படி லேசா இருந்து நான் கேட்டு ரொம்ப நாளாச்சு. அதான் எனக்குத் தாங்கலை. கோவமாச் சொல்லியிருந்தாத் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

நான் கூப்பிடறேன், அப்ப வாம்மாங்கறா. நான் பெத்த பொண்ணைப் பாக்க, அவ பெத்த பொண்ணைப் பாக்க, எனக்குக் கூப்பாடு வரணுமாம். ஒரு நாள் பூரா நான் அம்மிச்சியா, பாட்டியா இருந்திருக்கேன், எனக்கே தெரியலை. நேத்துக் காலைல இந்நேரம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? கோழிப் பெட்டிக்கு ஃபினாயில் போட்டுத் தொடைச்சுட்டிருந்தேன். ஆறு காலிப் பெட்டிக்கு.

இல்லை, இல்லை, தண்ணி எல்லாம் வேண்டாம். ஒண்ணுமில்லை. நீங்க நில்லுங்க. அந்த மூலையில ஓட்டை போட்டுட்டீங்களா? போடலையா. போட வேண்டாம். இங்க இனி யாரு வந்து படுக்கப் போறா.

ஏன் தம்பி, ஒண்ணு கேக்கறேன். எங்க இருந்தாலும் ஃபோன்ல தெரியும்னு சொன்னீங்கள்ல. இதைக் கொண்டு போயித் திருப்பூர்ல மாட்டினாலும் எனக்கு இங்க தெரியுமா? மாப்பிள்ளைகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கறேன். அவளைக் காட்ட வேண்டாங்க. அவ ரூமையும் காட்ட வேண்டாம். தொட்டில் மட்டும் தெரிஞ்சாப் போதும்.